பினாங்கில் அப்பாவோடு ஒரு நாள், மெதுவாகச் சுற்ற எங்கே தொடங்கலாம்?

சுபா_எஸ்பி:
வணக்கம். நாங்கள் சுங்கை பட்டாணி. அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர், இப்போது வயது 74. பினாங்குக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஆனால் எல்லாம் தைப்பூசக் கூட்டத்தோடு போய் கூட்டத்தோடு திரும்பியதுதான். லிட்டில் இந்தியாவை ஒரு நாளாவது அவசரமில்லாமல் அவருக்குக் காட்ட வேண்டும். முட்டி வலி இருக்கிறது, கால் மணி நேரம் நடந்தால் உட்கார வேண்டும். எப்படிப் போகலாம், எங்கே தொடங்கலாம்?

கூலிம்_குமரன்:
காரை வீட்டிலேயே விடுங்கள். சுங்கை பட்டாணியிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து பட்டர்வொர்த்தில் இறங்கினால் தீவுக்குப் போகும் பெர்ரி படகுக்கு நடந்தே போகலாம். பாலத்து வழியாகப் போனால் இது கிடைக்காது: கடல் பக்கமிருந்து ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்கள் முதலில் பார்த்த மலாயா மண் இதுதான். அப்பாவின் அப்பா எந்தக் கப்பலில் வந்தார் என்று பெர்ரியிலேயே கேளுங்கள், எங்கள் அப்பா அங்கேதான் முதல் முறையாக வாய் திறந்தார்.

பழைய_கடைத்தெரு:
நான் அந்தத் தெருக்களில் வளர்ந்தவன். காலை எட்டரைக்குள் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்குப் போய்விடுங்கள், 1833-இல் எழுந்த கோவில், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் பக்கத்திலேயே பசியாறிவிட்டு பினாங்கு ஸ்திரீட். செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த தெரு அது, தைப்பூசத்து வெள்ளித் தேர் புறப்படும் கோவில் வீடும் அங்கேதான். அப்பா கூட்டத்தில் நின்று பார்த்த தேர் கிளம்புகிற வாசலை ஆளில்லாத நேரத்தில் நின்று பார்க்கட்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடக்கிற தூரம்தான், 1801-இல் நம் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது. வெயிலுக்கு அஞ்சடியிலேயே, அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையிலேயே நடக்கலாம், ஆனால் தரையைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கடை முன்னாலும் தரை ஒரு மட்டம், ஒன்றில் பழைய பூ ஓடு, அடுத்ததில் வெறும் சிமெண்ட், நடுவில் நாலு விரல் உயரப் படி. முட்டி வலிக்காரருக்கு அந்தப் படிதான் ஆபத்து.

ஈப்போ_லதா:
ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரோவியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் அந்தப் படம் 2012-இல் வரைந்தது.

பழைய_கடைத்தெரு:
லதா, பிள்ளைகளோடு போனால் சரி. 74 வயதுக்காரரைப் படம் எடுக்கிற வரிசையில் வெயிலில் நிறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் பூக்கடை முன்னால் ஒரு நாற்காலி கேட்டு உட்கார வையுங்கள், "எந்தத் தோட்டம் ஐயா?" என்று யாராவது கேட்பார்கள், அப்புறம் அவரை எழுப்புவதுதான் சிரமம்.

சுபா_எஸ்பி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கப்பல் பெயரைக் கேட்டேன், ரஜூலாவேதான். சனிக்கிழமை முதல் கொமுட்டரில் போகிறோம்.