வீட்டு இணையம் எங்கே ஒழுகுகிறது? கணினியில் நேரடியாகப் பார்க்க வழி வேண்டும்

பழைய கிராணி (சுங்கை சிப்புட்) | 13ஆம் தேதி, இரவு 9.50

வணக்கம். ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணினியைக் கண்டு பயப்படுகிறவன் அல்ல. ஆனால் அதற்குள் போகிற வருகிற இணையக் கணக்கு மட்டும் பிடிபடவே இல்லை.

எங்கள் வீடு டவுனிலிருந்து உள்ளே, செம்பனைக்கு நடுவே இருக்கிறது. ஃபைபர் கம்பி பெரிய சாலையோடு நின்றுவிட்டதால், சிம் போடுகிற 4ஜி ரூட்டர்தான் கதி. மாதம் 100 ஜிபி. இந்த மாதம் 12ஆம் தேதியே அத்தனையும் தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. கூடுதலாக வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு தொல்லை. பேத்திக்கு இந்த ஆண்டு எஸ்.பி.எம்., அதாவது மலேசியாவில் இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் தேர்வு. ஈப்போவில் இருக்கும் ஆசிரியர் இரவு 8 மணி முதல் 9.30 வரை இணையத்தில் கூடுதல் கணிதம் நடத்துகிறார். அவர் குரல் எங்களுக்கு ஓரளவு நன்றாகவே கேட்கிறது. பேத்தி பேசினால்தான் அங்கே துண்டு துண்டாகப் போய்ச் சேர்கிறதாம். 9 மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் தொல்லையே இல்லை. அன்று பாதிப் பேர் கோவிலில் இருப்பதால் டவரில் கூட்டம் குறைவு என்பது என் ஊகம்.

நிறுவனத்துக்குத் தொலைபேசினால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். அணைத்துப் போட்டே அதன் பொத்தான் தேய்ந்துவிட்டது.

தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும்போது யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார் என்று பெயருக்கு எதிரே எழுதுவோம். அதுபோல, இந்த நிமிடம் எந்தச் செயலி எவ்வளவு இழுக்கிறது என்று பெயர் வாரியாகப் பார்க்க முடியுமா? விண்டோஸ் 11. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டாம்.

தைப்பிங் குமரன் | இரவு 10.15

ஐயா, வயர்ஷார்க் போடுங்கள். இலவசம். 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வந்தது, 2006இல் பெயர் மாறியது. கம்பியில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் பிரித்துக் காட்டும். இதைவிட நுணுக்கமான கருவி கிடையாது.

ஈப்போ செல்வி | இரவு 10.40

குமரன், யார் எத்தனை கிலோ என்று கேட்பவரிடம் பாலின் ஒவ்வொரு சொட்டையும் பூதக்கண்ணாடியில் காட்டுகிறேன் என்கிறீர்கள். வயர்ஷார்க் நல்ல கருவிதான், நானும் வேலையில் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்தச் செயலி என்று அது நேரடியாகச் சொல்லாது. இப்போதெல்லாம் பெரும்பாலான போக்குவரத்து மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது, உள்ளே என்ன என்பதும் தெரியாது. ஐயா ஓடுகிற எண்களைப் பார்த்து மிரண்டுபோவார்.

ஐயா, நீங்கள் கேட்பது விண்டோஸிலேயே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் நெட்வொர்க் என்ற தலைப்பின்மேல் ஒருமுறை சொடுக்குங்கள், அதிகம் இழுப்பது மேலே ஏறி நிற்கும். அது போதாது என்றால் ஸ்டார்ட் பொத்தானில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு செயலிக்கும் எதிரே அனுப்பியது, பெற்றது என்று தனித்தனிப் பத்தி இருக்கும். உங்கள் பதிவேடு அதுதான்.

ஒன்று கவனியுங்கள். ரிசோர்ஸ் மானிட்டர் காட்டுவது கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி. ஏதாவது ஒன்றை நிறுத்தியவுடன் எண் இறங்கவில்லையே என்று பதற வேண்டாம்.

நாளை வகுப்பு நேரத்தில், 8.15 வாக்கில் பார்த்து எழுதுங்கள். முக்கியமாக அனுப்பும் பத்தியைப் பாருங்கள். ஆசிரியர் குரல் வருகிறது, பேத்தி குரல்தான் போகவில்லை என்றால், அடைப்பு நம் பக்கத்திலிருந்து வெளியே போகிற வழியில் இருக்கிறது.

பழைய கிராணி | மறுநாள், இரவு 8.35

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்து எழுதுகிறேன். மூன்று குழப்பங்கள்.

டாஸ்க் மேனேஜரில் வைஃபை படத்தைத் திறந்தால் அனுப்புவது 2.9 என்று நிற்கிறது. அதே நேரம் ரிசோர்ஸ் மானிட்டரில் ஒரே ஒரு செயலிக்கு எதிரே 361,000 என்று இருக்கிறது. எதை நம்புவது?

எஸ்விசிஹோஸ்ட் என்று ஒரே பெயரில் ஏழெட்டு வரிசைகள் இருக்கின்றன. ஒரே ஆள் ஏழு முறை கையெழுத்துப் போட்டதுபோல இருக்கிறது. அதில் ஒன்று நிறையப் பெறுகிறது.

கீழே முகவரி முகவரியாக எண்கள். பல வெளிநாடுகளாம். 127.0.0.1 என்ற முகவரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. யார் இது?

வேகம் 2000 | இரவு 8.50

எஸ்விசிஹோஸ்ட் அத்தனை இருந்தால் வைரஸ்தான். கணினியைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். வேறு வழியில்லை.

ஈப்போ செல்வி | இரவு 9.20

ஐயா, தயவுசெய்து எதையும் துடைக்க வேண்டாம். எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் சேவைகள் தங்கி ஓடுகிற கூடு. ஆரோக்கியமான கணினியில் பத்துக்கு மேலேயே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் அந்த வரியை விரித்தால் உள்ளே இருக்கும் சேவையின் பெயர் தெரியும். நிறையப் பெறுவது பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். 127.0.0.1 உங்கள் கணினியேதான். உள்ளே ஒரு செயலி இன்னொரு செயலியோடு பேசும் பேச்சு, அது வெளியே போவதில்லை, கோட்டாவிலும் சேராது. வெளிநாட்டு முகவரியைக் கண்டும் பயப்பட வேண்டாம், பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் எங்கெங்கோ இருக்கின்றன.

இரண்டு எண்களும் உண்மை. டாஸ்க் மேனேஜரின் அந்தப் படம் மெகாபிட்டில் சொல்கிறது, ரிசோர்ஸ் மானிட்டர் பைட்டில் சொல்கிறது. 8 பிட் ஒரு பைட். 2.9 மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் வினாடிக்கு 362,500 பைட். உங்கள் 361,000 அதுதான். அதாவது வெளியே போகிற மொத்தத்தையும் அந்த ஒரே செயலிதான் தின்கிறது. அதன் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

பழைய கிராணி | இரவு 9.45

புரிந்தது அம்மா. வாளியில் வந்த பாலின் எடை ஒன்று, பாலில் ரப்பர் எவ்வளவு என்று அளக்கும் மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்த்துக் கணக்குப் போடும் உலர் ரப்பர் எடை வேறு. அதுபோலத்தானே?

பெயர் ஒன்டிரைவ். ஆனால் 9 மணி கடந்ததும் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. பேத்தியின் குரலும் சரியாகிவிட்டது.

ஈப்போ செல்வி | இரவு 9.55

கிட்டத்தட்ட அப்படித்தான். பாலில் விகிதம் மழைக்கும் மரத்துக்கும் மாறும், இங்கே எப்போதும் எட்டுதான்.

ஒன்டிரைவ் என்றால், உங்கள் டெஸ்க்டாப், படங்கள், ஆவணங்கள் அடைவுகளை மேகக் கிடங்குக்கு (இணையத்தில் இருக்கும் சேமிப்பிடத்துக்கு) நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. மாலையில் கணினியில் என்ன செய்கிறீர்கள்? இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது?

பழைய கிராணி | இரவு 10.30

தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்தக் கணினி போன மாதக் கடைசியில் மகன் வாங்கிக் கொடுத்தது. ஒரு டெராபைட் கிடங்கும் சேர்த்துச் சந்தா கட்டியிருக்கிறான். எங்கள் தோட்டத்தின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்கிறேன். செக்ரோல் (ஆட்களின் வருகை, சம்பளப் பதிவு) புத்தகங்கள், தோட்டக் கோவில் வரவுசெலவு, துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்கள் சேர்ந்ததற்கான பங்குத் தாள்கள். கறையான் அரித்தது போக மிச்சம். தினமும் மாலை 6 மணிக்கு உட்கார்ந்தால் 8 மணிக்குள் 40 பக்கம் முடிப்பேன். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணம், டிஃப் என்ற படக் கோப்பு. எல்லாம் படங்கள் அடைவில்தான் விழுகின்றன.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விடுவதால் ஸ்கேன் இல்லை. நான் டவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தைப்பிங் குமரன் | இரவு 10.50

ஐயா, கணக்கு அழகாக விழுகிறது. ஏ4 தாள் 600 டிபிஐயில் 4960க்கு 7016 புள்ளி. ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால், சுருக்காத டிஃப் ஒன்று 100 எம்பிக்குச் சற்று மேல். 40 பக்கம் 4 ஜிபி. வினாடிக்கு 361,000 பைட் வேகத்தில் 4 ஜிபி போக மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். 6 மணிக்குத் தொடங்கினால் 9 மணிக்கு முடியும். வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் அதில்தான் நசுங்குகிறது.

நாளை ஒரு சோதனை. கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையை 8.8.8.8 என்ற கூகுள் சர்வர் முகவரிக்கு ஓட விடுங்கள். பதில் திரும்பி வர ஆகும் நேரத்தை அது காட்டும். காலையில் எத்தனை மில்லி வினாடி, மாலை ஸ்கேன் ஓடும்போது எத்தனை என்று பாருங்கள். வயர்ஷார்க் சொன்னதற்கு மன்னிக்கவும்.

சுவடி அடுக்குபவள் | மறுநாள், காலை 7.10

இணையம் எனக்குத் தெரியாது, ஸ்கேன் தெரியும். அண்ணன், செக்ரோலுக்கு 300 டிபிஐ போதும். எழுத்து தெளிவாகப் படிக்கலாம், கோப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். பங்குத் தாள், முத்திரை, புகைப்படம் இவற்றுக்கு மட்டும் 600ஐ வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்புகளை டிஃப் ஆகவே வெளித் தட்டில் வையுங்கள், இரண்டு தட்டுகளில், இரண்டு வீடுகளில். கறையானுக்குத் தப்பியது கணினி கெட்டுப் போய்விடக் கூடாது.

பழைய கிராணி | இரவு 9.40

காலையில் பிங் 45க்கும் 50க்கும் இடையில். மாலை 6.40க்கு 1,100. சில வரிகளில் பதிலே வரவில்லை. பேத்தி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "தாத்தா, அப்படியென்றால் என்னைப் பேச விடாதது நீங்கள்தானா?" என்றாள்.

ஸ்கேன் விழும் அடைவை, ஒன்டிரைவ் நகலெடுக்காத டி டிரைவுக்கு மாற்றிவிட்டேன். ஒன்டிரைவ் அமைப்பில் அனுப்பும் வேகத்துக்கு வினாடிக்கு 50 கிலோபைட் என்று அளவும் வைத்துவிட்டேன். இன்றைய வகுப்பு முழுக்கத் தடையில்லை.

ஆனால் கிராணி புத்தி விடுமா? அமைப்புகளில் டேட்டா யூசேஜ் என்ற பக்கத்தைப் பார்த்தேன். ஒன்டிரைவ் 41 ஜிபி. எல்லாச் செயலிகளும் சேர்த்து 55 ஜிபி. நிறுவனம் சொல்வது 100. மீதி 45 ஜிபி எங்கே? பதிவேட்டில் இல்லாத ஆள் யாரோ சம்பளம் வாங்குகிறான்.

ஈப்போ செல்வி | இரவு 10.05

நல்ல கேள்வி ஐயா. டாஸ்க் மேனேஜர், ரிசோர்ஸ் மானிட்டர் எல்லாம் அந்தக் கணினியின் வாசலில் நிற்கிற தராசுகள். அந்த வாசல் வழியாகப் போகாத எதுவும் அவற்றில் ஏறாது. வயர்ஷார்க் போட்டாலும் அதே கதைதான், சாதாரண வீட்டு வலையில் மற்றச் சாதனங்களின் போக்குவரத்து உங்கள் கணினிப் பக்கம் வருவதே இல்லை. எல்லாம் கடந்து போகிற ஒரே இடம் ரூட்டர்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168 என்று தொடங்கும் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். அந்த முகவரியை உலாவியில் அடித்து உள்ளே போங்கள். இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலும், மொத்தமாகப் போன வந்த அளவும் இருக்கும். மலிவான ரூட்டர்களில் சாதனம் வாரியாகக் கணக்கு வராது. அப்படியென்றால் பழைய முறைதான்: ஒவ்வொன்றாக ஒரு நாள் அணைத்து வைத்து, மொத்தம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். வீட்டில் இரவு பகலாக ஓடுவது ஏதாவது இருக்கிறதா?

பழைய கிராணி | மூன்று நாள் கழித்து, மாலை 5.30

பட்டியலில் ஏழு சாதனங்கள். ஆறை அடையாளம் கண்டோம். ஏழாவதற்குப் பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளச் சரம் மட்டும். பக்கத்து வீட்டுப் பையன் நம் இணையத்தைத் திருடுகிறான் என்று என் மனைவி தீர்ப்பே எழுதிவிட்டாள். பாவம் அந்தப் பையன்.

வாசல் கேமரா! போன ஆண்டு கோழி களவு போனபோது மருமகன் மாட்டியது. அதை ஒரு நாள் பிடுங்கி வைத்தேன். அன்றைய மொத்தம் ஏறக்குறைய 3 ஜிபி குறைந்தது. 12 நாளைக்கு 36 ஜிபி. மீதி 9 ஜிபி கைப்பேசிகள் என்று எழுதிக் கணக்கை மூடலாம்.

ஆனால் இது போன ஆண்டே இருந்ததே, அப்போது ஏன் இவ்வளவு சீக்கிரம் தீரவில்லை?

ஈப்போ செல்வி | மாலை 6.20

நாளைக்கு 3 ஜிபி என்றால் கேமரா மட்டுமே மாதம் 90 ஆகிறது, மற்றதும் சேர்ந்தால் 100ஐத் தாண்டித்தான் வந்திருக்கும். முன்பும் மாதக் கடைசியில் இழுபறியாக இருந்திருக்குமே? ஒன்டிரைவ் வந்து அதை 12ஆம் தேதிக்கு முன்னே தள்ளிவிட்டது.

கேமராவின் செயலியில் தொடர் பதிவு மேகத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். நினைவு அட்டை ஒன்றை உள்ளே போட்டு, தொடர் பதிவை அதில் வைத்துக்கொண்டு, அசைவு தெரியும்போது மட்டும் மேலே அனுப்பும்படி மாற்றச் சொல்லுங்கள். கணினியின் வைஃபை அமைப்பில் மீட்டர்ட் இணைப்பு (அளவுக் கட்டுப்பாடு உள்ள இணைப்பு) என்பதையும் இயக்குங்கள். ஒன்டிரைவ் தானாக நின்றுகொள்ளும், பெரிய அப்டேட்டுகளும் காத்திருக்கும். மாதம் ஒருமுறை நீங்களே அப்டேட்டைத் தட்டிவிட வேண்டும், மறக்காதீர்கள்.

பழைய கிராணி | இரவு 10.10

ஆமாம், 25ஆம் தேதிக்கு மேல் எப்போதும் இழுபறிதான். மருமகன் தீபாவளிச் செலவுக்குப் பணம் கேட்டு ஞாயிறு வருகிறான். கேமராவை மாற்றிவிட்டுத்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். நினைவு அட்டை எத்தனை ஜிபி வாங்கலாம்?

தைப்பிங் குமரன் | இரவு 10.25

நாளைக்கு 3 ஜிபி என்றால் 64 ஜிபி அட்டையில் இருபது நாள் கிடக்கும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். கோழி போனதைக் கண்டுபிடிக்க அது போதும், ஐயா.