எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்: ‘இழப்பீடு’ வேண்டாம், ‘சரிக்கட்டல்’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்ப்பறவை ஒளிப்படக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா தானாகத் தேர்ந்த ஒளியளவை ஒரு சக்கரத்தைத் திருப்பி நாம் கூட்டுவது அல்லது குறைப்பது) மட்டும் இன்னும் இழுபறியில் கிடக்கிறது. இதுவரை வந்தவை வெளிப்பாட்டு இழப்பீடு, ஒளிமாற்ற ஈடு, ஒளித்திருத்தம். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு இன்னொன்றை முன்வைக்கிறேன்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இழப்பீடு என்றால் நிலம் கையகப்படுத்தலும் விபத்து வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. வெளிப்பாடு என்பது உள்ளே இருப்பது வெளியே வருவது. கேமராவிலோ வெளியே இருக்கும் ஒளி உள்ளே போகிறது. எக்ஸ்போஷருக்கு ‘ஒளியேற்பு’ என்று ஏற்கெனவே ஒத்துக்கொண்டோம். ஓவர், அண்டர் இரண்டுக்கும் மிகையேற்பு, குறையேற்பு என்பதும் பொருந்தி வந்துவிட்டது. அதைத் திரும்பக் கிளற வேண்டாம்.

தம்பி எழுதிய இரண்டாவது சொல்லில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

> மேகம் வந்து வந்து போகும்போது ஒளி மாறுகிறது. அதை ஈடுசெய்யத்தானே அந்தச் சக்கரத்தைத் திருப்புகிறோம்? ஆகவே ‘ஒளிமாற்ற ஈடு’.

இல்லை தம்பி. மேகம் மறைத்தால் ஒளி குறைந்தது என்று கேமராவின் அளவிக்கே (உள்ளிருக்கும் ஒளி மீட்டருக்கே) தெரியும். தானியங்கி முறையில் இருந்தால் ஷட்டர் வேகத்தையோ ஐஎஸ்ஓவையோ (ஒளியுணர்திறனையோ) அதுவே மாற்றிக்கொள்ளும். அதற்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: எதிரே இருக்கும் பொருள் வெள்ளையா கறுப்பா என்பது. பொருளின் மீது விழும் ஒளியை அது அளப்பதில்லை, பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கிறது. காண்பதெல்லாம் சராசரியில் நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. வழக்கமாகச் சொல்லும் கணக்கு, விழுந்த ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல்.

வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை போனவர்களுக்கு இது பழக்கமான தலைவலி. நீருக்குள் நிற்கும் ஒரே மரத்தில் வெண்கொக்கும் நீர்க்காகமும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். கொக்கு சட்டகத்தை நிறைத்தால் அளவி “அடேயப்பா, எவ்வளவு ஒளி!” என்று பயந்து குறைத்துவிடும், கொக்கு அழுக்கு வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். அங்கே ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரட்டிப்பாக்கும் அளவு, கூட்ட வேண்டும். அதே கொக்கு சிறிதாக, பின்னால் நிழல் படிந்த நீர் மட்டும் பெரிதாக இருந்தால் கதை தலைகீழ். இருட்டைப் பார்த்து அளவி கூட்டிவிடும், கொக்கின் முதுகில் இறகு வரியே இல்லாமல் வெள்ளை எரிந்துபோகும். இப்போது ஒன்று அல்லது ஒன்றரை குறைக்க வேண்டும். அந்தக் கொக்கு அங்கிருந்து எழுந்து வெளிறிய வானத்துக்குப் போனால் மறுபடி கூட்டல். இத்தனைக்கும் கொக்கின் மேல் விழுந்த வெயில் இம்மிகூட மாறவில்லை! பின்புலம்தான் மாறியது.

ஒளி நிலையாக இருக்கும் காலையில் பலர் முழுக் கைமுறைக்கு (எல்லா அளவையும் தாமே அமைக்கும் முறைக்கு) போய்விடுவது இதனால்தான். ஒருமுறை கொக்கின் வெள்ளைக்குப் பார்த்து அமைத்துவிட்டால், அது மரத்துக்கு முன்னால் பறந்தாலும் வானத்துக்கு முன்னால் பறந்தாலும் அதே அளவு சரியாகவே இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்து மேகம் குறுக்கே வந்தால் கைமுறை கவிழ்த்துவிடும், தானியங்கி தாங்கும். ஒன்று பின்புல மாற்றத்தைத் தாங்கும், மற்றது ஒளி மாற்றத்தைத் தாங்கும். நாம் பெயர் தேடும் அந்தச் சக்கரம், தானியங்கி முறை பின்புலத்திடம் ஏமாறாமல் இருக்க நாம் கொடுக்கும் துப்பு. ‘ஒளிமாற்ற ஈடு’ என்று கையேட்டில் அச்சடித்தால், புதிதாகக் கற்கிறவர் மேகம் வந்ததும் சக்கரத்தைத் திருப்புவார். அளவி ஏற்கெனவே செய்ததன்மேல் அவரும் செய்வார். படம் கெடும். பெயரே தப்பாகச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

அக்கா தந்த ‘ஒளித்திருத்தம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருத்தம் என்றால் இன்று எல்லோருக்கும் கணினியில் உட்கார்ந்து பிறகு செய்யும் எடிட்டிங்தான். எடுப்பதற்கு முன் செய்வதற்கும் எடுத்த பின் செய்வதற்கும் ஒரே சொல் இருந்தால் கையேட்டின் பாதிப் பக்கங்களில் குழப்பம் வரும்.

சரி, என் பரிந்துரை: ஏற்புச் சரிக்கட்டல். பேச்சில் வெறும் சரிக்கட்டல் போதும்.

கடைக் கணக்கில் கூடினாலும் குறைந்தாலும் ‘சரிக்கட்டு’ என்றுதான் சொல்கிறோம். சக்கரத்தில் கூட்டல் குறியும் உண்டு, கழித்தல் குறியும் உண்டு; சொல் இரண்டையும் ஏந்த வேண்டும். ஈடு, இழப்பீடு இரண்டுமே குறைந்ததை நிரப்பும் பக்கம் மட்டும் சாய்கின்றன. இன்னொரு வசதி, இதை வினையாக்க மெனக்கெட வேண்டாம். “சரிக்கட்டி எடு”, “சரிக்கட்டாமல் எடுத்த படம்” என்று இயல்பாக வருகிறது. ‘ஆளைச் சரிக்கட்டிவிட்டான்’ என்ற பொருளும் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். இருக்கட்டுமே. பிடிவாதம் பிடிக்கும் அளவியை நம் வழிக்குக் கொண்டுவருவதும் அந்த வகைதானே! எழுத்துத் தமிழுக்குக் கொஞ்சம் இறங்கிய சொல் என்ற ஆட்சேபம் வந்தால் அதை நான் பொருட்படுத்தப் போவதில்லை.

கூடவே ஸ்டாப்புக்கு ‘படி’. ஒரு படி ஏறினால் ஒளி இரட்டிப்பு, இறங்கினால் பாதி. 1/1000 நொடியிலிருந்து 1/500க்கு வந்தால் ஒரு படி. லென்ஸின் துளையை எஃப் 8இலிருந்து எஃப் 5.6க்குத் திறந்தாலும் ஒரு படி. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கேமராக்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்காக நகர்கின்றன. நம்மிடம் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகப் போகும் பின்னங்களுக்குத்தான் வாயில் நிற்கும் பெயர்கள். பல கேமராக்களில் அரைப்படியாக மாற்றிக்கொள்ளும் வசதி மெனுவில் இருக்கிறது. கையேட்டில் அரைப்படிக் கணக்கே கொடுத்துவிடலாம், அதற்குமேல் நுணுக்கம் வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கையேட்டின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“வெளிறிய வானத்தின் முன் பறக்கும் நீர்க்காகம் வெறும் கரும்நிழலாக விழும். ஒன்று முதல் இரண்டு படி கூட்டிச் சரிக்கட்டினால் இறகின் பளபளப்பு தெரியும். வானம் மிகையேற்பாகிப் போனால் போகட்டும். கூழைக்கடாவின் சாம்பல் நிறம் அளவி எதிர்பார்க்கும் நிறத்துக்கு ஓரளவு அருகில் இருப்பதால், அது சட்டகத்தை நிறைக்கும்போது பெரிய சரிக்கட்டல் தேவைப்படாது. பழவேற்காட்டில் விரிந்த நீர்ப்பரப்பில் பூநாரைக் கூட்டம் நின்றால் மினுங்கும் நீரே அளவியை ஏமாற்றும். அரைப்படி கூட்டிப் பாருங்கள், இளஞ்சிவப்பு எரியத் தொடங்கினால் உடனே இறக்குங்கள்.”

எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ‘நிறைக்கும்போது’ பிடிக்காதவர்கள் வேறு சொல் தாருங்கள், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் சொல்லை இதே பத்தியில் பொருத்தி எழுதி அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும். ஸ்பாட் மீட்டரிங்கை (சட்டகத்தின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளப்பதை) இந்த இழையில் கலக்க வேண்டாம், அதற்குப் ‘புள்ளியளவை’, ‘குறியளவை’ என்று இரண்டு கட்சி இருக்கிறது. தனி மடலில் சண்டை போட்டுக்கொள்வோம்.