புதுப்பிப்பு: 2024 ஆண்டிறுதி வினாடி வினா – விடைகளும் ஒரு விளக்கமும்

ஆண்டின் செய்திகளைத் திரும்பிப் பார்க்கும் வகையில் இங்கே நான் வெளியிட்ட வினாக்களில், பிளவின்றி எல்லோரும் ஏற்ற ஒரே உலகச் சதுரங்கப் பட்டத்தை மிக இளம் வயதில் வென்றவர் யார் என்பதற்குத்தான், ‘அது பொனமரியோவ் அல்லவா?’ என்று அதிக மறுப்புகள் வந்தன. விடை குகேஷ் என்பதே.

உக்ரைனின் ருஸ்லான் பொனமரியோவ் 2002இல், குகேஷைவிடச் சில மாதங்கள் இளைய வயதில், ஃபிடே (பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு) பட்டத்தை வென்றது உண்மைதான். ஆனால் 1993 முதல் 2006 வரை உலகப் பட்டம் இரண்டாகப் பிளவுபட்டிருந்ததால், அதே காலத்தில் மற்றொரு பட்டத்தை வைத்திருந்த ரஷ்யாவின் கிராம்னிக்கும் உலக வாகையராக இருந்தார். எனவே குகேஷ் முறியடித்தது, 1985இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவின் சாதனையை. சிங்கப்பூரில் டிசம்பர் 12 அன்று, சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்வில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறாக எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தித் தோல்விக்கு வழிவகுத்ததும், குகேஷின் முகம் மாறியதை நேரலையில் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

மற்ற விடைகள்: இலக்கிய நோபல் தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற பதக்கங்கள் 6. இலங்கை அதிபர் தேர்தல் பற்றிய வினாவுக்குச் சரியாக விடையளித்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்: முதல் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் பெறாததால், அந்நாட்டு அதிபர் தேர்தல் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் (வாக்காளர்கள் இரண்டாம், மூன்றாம் தெரிவாகக் குறித்தவை) எண்ணப்பட்ட பிறகே அநுர குமார திசாநாயக்க வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார்.