எந்தத் தாம்சன்? குடும்பப் பெயர் வரிசை வேண்டுமா, வேண்டாமா: ஒரு விவாதம்

கயல்விழி

மாணவர்களுக்காக நாம் சேர்ந்து தொகுக்கும் வாழ்க்கைக் குறிப்பு அகராதியைப் பற்றித்தான். ஒரே குடும்பப் பெயர் கொண்ட புகழ்பெற்றவர்களை ஒரே தலைப்பின் கீழ் அடுக்குவது என்று போன மாதம் முடிவெடுத்தோம். அதை மாற்ற வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி வந்து, "எலக்ட்ரானைக் கண்டுபிடித்த தாம்சனும் தாம்சன் விளைவைக் கண்டுபிடித்த தாம்சனும் ஒரே ஆள்தானே?" என்று கேட்டாள். இல்லை. 1897இல் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் ஜோசஃப் ஜான் தாம்சன். வெப்பத்தையும் மின்சாரத்தையும் இணைக்கும் தாம்சன் விளைவில் வருபவர் வில்லியம் தாம்சன், பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர். இருவருக்கும் உறவு கிடையாது. ஜூல்–தாம்சன் விளைவில் இருப்பவரும் இந்த வில்லியம்தான். மூன்றாவதாக ஜார்ஜ் பேஜட் தாம்சன் வருகிறார். அவர் ஜோசஃப் ஜானின் சொந்த மகன். எலக்ட்ரான் ஒரு துகள் என்று காட்டிய அப்பாவுக்கு 1906இல் நோபல் பரிசு. அதே எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது என்று காட்டிய மகனுக்கு 1937இல், டேவிசனோடு பகிர்ந்து.

பாடப்புத்தகத்தில் மூவரும் வெறும் "தாம்சன்". நம் அகராதியும் மூவரையும் ஒரே தலைப்பில் போட்டால் அந்தக் குழப்பத்துக்கு நாமே முத்திரை குத்திய மாதிரி ஆகிவிடும். சொந்தப் பெயர் வரிசையில் போடுவோம்.

யாழ்நேசன்

கயல், உங்கள் மாணவியின் குழப்பம் புரிகிறது. ஆனால் மருந்து தவறு. தாம்சன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் "இவர் வேறு, அவர் வேறு" என்று ஒரே பார்வையில் சொல்ல முடியும். பிரித்துவிட்டால் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே யாருக்கும் தோன்றாது.

அதைவிட முக்கியமானது, சில குடும்பப் பெயர்கள் ஒரு பட்டறையின் பெயர். ஜெர்மன் இசைக்கலைஞர்களான பாக் குடும்பத்தைப் பாருங்கள். யோஹான் செபாஸ்டியான் பாக் பத்து வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். ஓர்ட்ருஃப் என்ற ஊரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் யோஹான் கிறிஸ்டோஃபின் வீட்டில்தான் வளர்ந்தார், அவரிடமே கற்றார். பிறகு அவர் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கார்ல் ஃபிலிப் இமானுவேல் பிரஷ்ய அரசர் ஃபிரடெரிக்கின் அவையில் வாசித்தார். கடைக்குட்டி யோஹான் கிறிஸ்டியான் லண்டனுக்குப் போனார். 1764இல் எட்டு வயதுச் சிறுவன் மோட்சார்ட்டை அவர் சந்தித்தது அங்கேதான்.

1735இல் செபாஸ்டியானே உட்கார்ந்து தன் குடும்ப இசைக்கலைஞர்களுக்கு வரிசை எண் போட்டு ஒரு பட்டியல் எழுதினார். மொத்தம் 53 பேர். அவரே பட்டியல் போட்டிருக்கிறார், நாம் போடக்கூடாதா? இவர்களை "ய", "கா", "வி" என்று அகராதி முழுக்க இறைத்தால் அந்த வீட்டின் கதை எங்கே போகும்?

கயல்விழி

அந்த 53 பேரில் ஒரு பெண்கூட இல்லை, யாழ்நேசன். செபாஸ்டியானின் இரண்டாம் மனைவி ஆன்னா மக்டலேனா கோத்தன் அரசவையில் சம்பளம் வாங்கிய பாடகி. கணவரின் இசைப்படிகள் பலவற்றைத் தன் கையால் எழுதியவர். மூத்த மகளும் பாடுவாள் என்று 1730இல் ஒரு கடிதத்தில் செபாஸ்டியானே எழுதியிருக்கிறார். ஆனாலும் பட்டியலில் அவர்கள் வரவில்லை. குடும்பப் பெயர் வரிசை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நீங்கள் கொடுத்த எடுத்துக்காட்டே எனக்குப் போதும்.

எண்ணாயிரம்

நான் கணக்குப் பக்கமிருந்து வருகிறேன். குடும்பப் பெயரை வைத்து ஏதாவது அறிந்துகொள்ள முடியுமா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்றிருக்கிறார்கள்.

சார்லஸ் டார்வின் தன் மாமா மகள் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தவர். அவர் மகன் ஜார்ஜ் டார்வின், உறவுக்குள் நடக்கும் திருமணம் எவ்வளவு என்று மதிப்பிட ஒரு வழி கண்டுபிடித்தார். மணமகனுக்கும் மணமகளுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்த திருமணங்களை எண்ணினார். 1875இல் வெளியானது அந்த ஆய்வு. ஆனால் அவர் பெற்றோரின் திருமணமே அந்த எண்ணிக்கையில் நேரடியாக விழாது. அப்பா டார்வின், அம்மா வெட்ஜ்வுட். ஒரே பெயர்க்காரர்கள் தற்செயலாக மணந்துகொள்வதைக் கழித்து, வேறு பெயர் கொண்ட உறவினர்களைக் கணக்கிட்டுச் சேர்த்துத்தான் அவர் முடிவுக்கு வர வேண்டியிருந்தது.

சார்லஸ் டார்வினுக்கு உறவுமுறைச் சகோதரர் ஃபிரான்சிஸ் கால்டன். இருவருக்கும் தாத்தா எராஸ்மஸ் டார்வின். ஆனால் கால்டன் மகள் வழிப் பேரன் என்பதால் டார்வின் பட்டியலில் வரமாட்டார். இந்தக் கால்டன்தான் குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை எழுப்பினார். வாட்சன் என்பவரோடு சேர்ந்து 1874இல் கட்டுரையும் எழுதினார். ஆண் வாரிசு மட்டுமே பெயரைக் கொண்டுபோகிறான் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் நிகழ்தகவு போடுவது அவர்கள் முறை. அணுக்கருத் தொடர்வினையை விளக்குவதற்குப் பிறகு உதவிய கணிதம் அது! ஆனால் அந்தக் கணிதத்தின் முதல் அனுமானத்தைக் கவனியுங்கள்: மகள்கள் எண்ணிக்கையிலேயே இல்லை.

ஆகவே நான் கயல் பக்கம். பெயர் ஒரு குடும்பத்தின் பாதியைத்தான் காட்டும்.

நெடுவழி

பாதியைக்கூடக் காட்டாது. அமெரிக்க அதிபர் வரிசையை எடுங்கள். ஆண்ட்ரூ ஜான்சன், லிண்டன் ஜான்சன். இருவருமே துணை அதிபராக இருந்து, அதிபர் கொலை செய்யப்பட்டதால் பதவிக்கு வந்தவர்கள். முன்னவர் 1865இல் லிங்கனுக்குப் பின், பின்னவர் 1963இல் கென்னடிக்குப் பின். உறவு ஒன்றும் இல்லை. ஆனால் ஜான் ஆடம்ஸும் ஜான் குவின்சி ஆடம்ஸும் தந்தை மகன். இரண்டு ரூஸ்வெல்ட்களும் தூரத்து உறவு. ஃபிராங்க்ளினின் மனைவி எலினோர்தான் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு நெருங்கிய சொந்தம், அண்ணன் தம்பி வழியில் மகள் முறை. பிறந்தபோதே அவர் பெயர் ரூஸ்வெல்ட்தான்.

நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு இந்திரா காந்தி. அந்தப் பெயர் கணவர் ஃபெரோஸ் காந்தி வழியாக வந்தது. மகாத்மா காந்திக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இரத்த உறவு இல்லை. ஆனாலும் உறவு என்று நம்புகிறவர்களை நான் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறேன். பெயர் ஒன்றாக இருந்தால் மனம் தானாகவே உறவு கற்பித்துவிடுகிறது. அகராதி அதற்கு உதவக்கூடாது.

யாழ்நேசன்

நெடுவழி, நீங்கள் சொன்ன எல்லாமே என் வாதத்துக்குத்தான் வலு. அந்த நம்பிக்கையை எங்கே வைத்து உடைப்பீர்கள்? "காந்தி" என்ற தலைப்பின் கீழ் "இவர்களுக்குள் உறவில்லை" என்று ஒரு வரி எழுதினால்தானே உடையும்?

இன்னொன்று. ஒரே பெயர் என்றால் ஒரே சாதனை மரபு என்று நான் சொல்லவில்லை. சண்டையும் அங்கேதான் தெரியும். கணித மேதைகளின் பெர்னௌலி குடும்பத்தில் அண்ணன் யாக்கோபும் தம்பி யோஹானும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். யோஹானும் அவர் மகன் டேனியலும் 1734இல் பாரிஸ் அகாதெமியின் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மகன் தனக்குச் சமமாக நிற்பதைத் தந்தையால் தாங்க முடியவில்லை, வீட்டை விட்டே துரத்தினார். 1738இல் டேனியலின் பாய்ம இயக்கவியல் நூல் வந்தது. தந்தை தானும் அதே பொருளில் ஒரு நூல் எழுதி, முந்தியது போலத் தெரிவதற்காக 1732 என்று ஆண்டு போட்டார். இந்த மூவரையும் மூன்று பக்கங்களில் சிதறவிட்டால் இந்தக் கதையை எந்தப் பிள்ளை கோத்துப் பார்க்கும்?

கயல்விழி

கதை அருமை, மறுக்கவில்லை. ஆனால் "பெர்னௌலி எண்கள்" யாக்கோபுடையவை, "பெர்னௌலி தத்துவம்" டேனியலுடையது. இதைச் சொல்லாமல் "பெர்னௌலி" என்று மட்டும் எழுதுவதால்தான் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

படிகங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறுவதைச் சொல்லும் பிராக் விதியிலும் இதே வருத்தம்தான். வில்லியம் ஹென்றி பிராக், வில்லியம் லாரன்ஸ் பிராக், தந்தையும் மகனும். 1915இல் இருவருக்கும் சேர்த்து நோபல். அந்த விதியை 1912இல் கண்டவர் மகன் லாரன்ஸ். பரிசு வாங்கும்போது அவருக்கு வயது 25. ஊரெல்லாம் அதை அப்பாவின் வேலை என்றே நினைத்தது, அது அவரை வெகுநாள் வருத்தியது. முதல் பெயரும் வில்லியம், குடும்பப் பெயரும் பிராக் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்வான், பாவம்.

எண்ணாயிரம்

உலகம் முழுக்கக் குடும்பப் பெயர் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்கொரியாவின் 2015 கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவருக்கு மேல் "கிம்". அதனால் அங்கே எந்த ஊரை மூலமாகக் கொண்ட கிம் என்று கேட்பார்கள். கிம்ஹே கிம் வேறு, கியோங்ஜு கிம் வேறு. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தந்தையின் பெயரோடு "மகன்" அல்லது "மகள்" சேரும். 1980இல் அதிபரான விக்டிஸ் ஃபின்போகாடோத்திர் என்றால் ஃபின்போகியின் மகள் விக்டிஸ். அங்கே தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயர் வரிசையில்தான் இருந்தது.

அப்புறம் நம் அகராதி கட்டாயம் தவறவிடப்போகும் ஒரு குடும்பம் இருக்கிறது. சி.வி. ராமன், 1930 இயற்பியல் நோபல். எஸ். சந்திரசேகர், 1983 இயற்பியல் நோபல். ராமன் சந்திரசேகருக்குச் சித்தப்பா. ஒருவர் "ரா"வில், மற்றவர் "ச"வில். ஆனால் ராமனின் முதலெழுத்தான "சி" எதைக் குறிக்கிறது? அவர் தந்தை பெயர் சந்திரசேகரன். தாத்தாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள். உறவு பெயரிலேயே இருக்கிறது, ஆனால் குடும்பப் பெயர் வரிசையில் தேடினால் கிடைக்காது.

யாழ்நேசன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த இருவரையும் குடும்பப் பெயர் முறை சேர்க்காது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பாக்குகளைப் பிரிக்க வேண்டுமா என்பதில்தான் இன்னும் உடன்பாடு இல்லை.

பனித்துளி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பெண்களைப் பற்றிக் கயல் தொட்டதை நீட்டிச் சொல்கிறேன்.

கியூரி என்ற தலைப்பைத் திறந்தால் மேரி, பியேர், மகள் ஐரீன் என்று வரும். 1903 நோபலுக்குப் பிரெஞ்சு அறிவியல் அகாதெமி உறுப்பினர்கள் அனுப்பிய பரிந்துரையில் பியேரும் கதிரியக்கத்தைக் கண்ட பெக்கரெலும் மட்டுமே இருந்தார்கள். பியேர் வலியுறுத்தித்தான் மேரியின் பெயர் சேர்ந்தது. பிறகு 1911இல் அவர் தனியாகவே இரண்டாவது பரிசு வாங்கினார். ஒரே குடும்பப் பெயருக்குள் மனைவியை உதவியாளராகப் பார்ப்பது அவ்வளவு எளிதாக இருந்தது.

ஹெர்ஷல் இன்னொன்று. 1781இல் யுரேனஸைக் கண்டவர் அண்ணன் வில்லியம். தங்கை கரோலின் 1786இல் தொடங்கி எட்டு வால்மீன்களைக் கண்டறிந்தார். இங்கிலாந்து அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்ட் சம்பளம் கொடுத்தார். ஆனால் "ஹெர்ஷல்" என்று மட்டும் சொன்னால் யார் நினைவுக்கு வருகிறார்? உங்களையே கேட்டுப் பாருங்கள்.

எனக்கு மனம் ஆறாதது இசையமைப்பாளர்களான மெண்டல்சன் வீட்டுக் கதை. ஃபேனி இயற்றிய ஆறு பாடல்கள் தம்பி ஃபெலிக்ஸின் பெயரிலேயே அச்சாயின. 1842இல் விக்டோரியா அரசி ஃபெலிக்ஸின் முன்னால் அவற்றில் ஒன்றைத் தனக்குப் பிடித்தது என்று பாடினார். அது அக்காவின் பாட்டு என்று ஃபெலிக்ஸ் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இத்தோடு முடியவில்லை. ஃபேனியின் ஈஸ்டர் சொனாட்டா கையெழுத்துப்படி 1970இல் கிடைத்தது. அதில் "எஃப். மெண்டல்சன்" என்றிருந்தது. உடனே அது ஃபெலிக்ஸுடையது என்றார்கள். அது ஃபேனியின் படைப்பு என்று நிறுவப்பட்டது 2010இல். ஒரு முதலெழுத்தும் ஒரு குடும்பப் பெயரும் சேர்ந்து ஒரு பெண்ணின் படைப்பை நாற்பது ஆண்டுகள் மறைத்திருக்கின்றன.

நெடுவழி

இதற்குப் பிறகும் குடும்பப் பெயர் வரிசையா, யாழ்நேசன்?

யாழ்நேசன்

கொஞ்சம் பொறுங்கள். ஃபேனியின் கதை என்னையும் உலுக்குகிறது. ஆனால் அந்தப் படி ஃபேனியுடையது என்று எப்படிக் கண்டார்கள்? "எஃப்" என்றால் இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் சந்தேகப்பட்டதால்தானே? இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சந்தேகம் வரும். மறைத்தது வரிசை அல்ல, ஒருவரை மட்டும் எழுதிய பழக்கம். ஆகவே என் திருத்தம் இது: ஆட்களின் பதிவுகள் கயல் சொன்னபடி சொந்தப் பெயர் வரிசையில், முழுப்பெயரோடு இருக்கட்டும். குடும்பப் பெயருக்குத் தனியாக ஒரு சிறு பதிவு இருக்கட்டும். அதில் யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு உறவே இல்லை என்று எழுதுவோம். ராமனுக்கும் சந்திரசேகருக்கும், டார்வினுக்கும் கால்டனுக்கும் அதே போல ஒரு குடும்பப் பதிவு. பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே வேண்டாம்.

எண்ணாயிரம்

எனக்குச் சம்மதம். உறவில்லாதவர்களைச் சொல்வதற்கென்று தனி வரி கட்டாயம் வேண்டும். ஜான்சன்களில் ஆரம்பிக்கிறேன்.

கயல்விழி

சரி, தாம்சன் மூவரையும் இன்றைக்கே பிரித்து எழுதிவிடுகிறேன். ஆனால் ஒன்று இன்னும் முடியவில்லை. ஃபேனியை எந்தப் பெயரில் பதிவது? அவர் ஓவியர் வில்ஹெல்ம் ஹென்சலை மணந்தவர். மெண்டல்சன் என்று போட்டால் தம்பியின் நிழல், ஹென்சல் என்று போட்டால் கணவரின் பெயர்.

பனித்துளி

அதை அவரே முடிவு செய்திருக்கிறார், கயல். 1846இல், நாற்பது வயதில், தன் பாடல்களின் முதல் தொகுப்பைத் தன் பெயரில் அச்சுக்குக் கொடுத்தார். முகப்பில் "ஃபேனி ஹென்சல், பிறப்பில் மெண்டல்சன் பார்தோல்டி" என்றிருக்கிறது. அடுத்த ஆண்டு மே மாதம் இறந்துபோனார். தலைப்பில் அதையே போடுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல்.