வெட்சூட் போட்டால் நிஜமாகவே வேகம் கூடுமா?

குழித்துறைக்காரன்:
களியக்காவிளைப் பக்கம் வீடு. சின்ன வயதிலிருந்து குழித்துறை ஆற்றில் குதித்து நீந்திப் பழகியவன், முறையாக யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த வருடம் ஜெர்மனியில் மச்சானோடு சேர்ந்து ஒரு டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) இறங்குகிறேன், ஏரித் தண்ணீர் 18 டிகிரிதானாம். வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிய அந்த ரப்பர் நீச்சலுடை, குளிருக்கு என்றால் சரி, வேகமும் கூடும் என்கிறான். ரப்பரைச் சுமந்துகொண்டு எப்படி?

கடப்புறத்து அண்ணாச்சி:
நீ எங்கே சுமக்கிறாய் மக்கா, அதுதான் உன்னைச் சுமக்கும். நியோபிரீன் என்பது உள்ளே நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்ட நுரை ரப்பர், மிதக்கும். நீ நீந்துவதைப் பக்கவாட்டில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பார், தலை மேலே, கால் கீழே என்று சரிந்து போய்க்கொண்டிருப்பாய், தொங்குகிற இடுப்பும் காலும் தண்ணீரை முட்டிக்கொண்டே வருவதில் பாதி பலம் போய்விடும். அதனால்தான் சூட்டில் இடுப்பு, தொடைப் பக்கம் தடிப்பாக வைப்பார்கள், விதிப்படி 5 மில்லிமீட்டர் வரை. தோள், அக்குளில் 1.5, 2 என்று மெல்லிசு, கை சுழல வேண்டுமே. கால் தானாக மேலே வந்துவிடும், உதைப்பதைக் குறைக்கலாம், அந்தத் தெம்பு சைக்கிளுக்கு மிச்சம். வெளியே வழவழப்பான பூச்சும் உண்டு, ஆனால் பெரிய லாபம் மிதப்பில்தான். ஏற்கெனவே நேராகப் படுத்து நீந்துகிறவனுக்கு லாபம் குறைவு, உனக்கு நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன் 😄

பாறசாலை ரன்னர்:
அளவில் ஏமாறாதே. நான் இரவல் வாங்கியது ஒரு சைஸ் பெரிசு, கழுத்து வழியாகத் தண்ணீர் ஏறி, முதுகில் குடத்தைக் கட்டி இழுத்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்தது சரியான சைஸ்தான், ஆனால் அவசரத்தில் இடுப்புவரை ஒழுங்காக ஏற்றாமல் கையை நுழைத்துவிட்டேன், தோளில் ரப்பர் இழுத்துப் பிடித்து 400 மீட்டரிலேயே கை கனத்துவிட்டது. பாதத்தில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு காலை நுழை, கவட்டை வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, அப்புறம்தான் கை. நகம் பட்டால் பிறை மாதிரி கிழியும். கழுத்து உரசுகிறதென்று வாசலின் தடவாதே, ரப்பர் கெட்டுப்போகும்.

கடப்புறத்து அண்ணாச்சி:
இன்னொன்று, போட்டிக்குப் போட்டி விதி மாறும். அயர்ன்மேன் என்கிற நெடுந்தூர டிரையத்லான் போட்டிகளில் நம்மைப் போன்ற அமெச்சூர்களுக்கு 24.5 டிகிரி வரைதான் தாராளம், அதற்கு மேல் 28.8 வரை போடலாம், பரிசு கிடையாது, அதையும் தாண்டினால் தடை. நம்ம கடலில் முழு சூட்டோடு பயிற்சி எடுத்தால் வெந்துவிடுவாய். குளத்தில் தொடை நடுவே புல் பாய் (pull buoy, காலை மிதக்க வைக்கும் நுரைக் கட்டை) வைத்து நீந்து, கால் மிதக்கிற பழக்கம் வந்துவிடும்.

குழித்துறைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. மச்சான் தன் சூட்டையே தருகிறேன் என்றிருந்தான். அவன் என்னைவிட 12 கிலோ கூடுதல். இப்போதே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.