கலைச்சொல்: ‘மட்டுக்காரணி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘Limiting factor’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறேன்.

பயிருக்கு வேண்டிய சத்துகளில் எது தேவைக்கு மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ, அதுதான் விளைச்சலின் அளவை முடிவு செய்கிறது. 1828இல் ஜெர்மானிய வேளாண் அறிஞர் கார்ல் ஸ்ப்ரெங்கல் முன்வைத்த இந்தச் சிறும விதியைப் பரவலாக்கியவர் வேதியியலாளர் லீபிக். 1905இல் தாவரவியலாளர் பிளாக்மன் இதையொத்த கருத்தை ஒளிச்சேர்க்கைக்குப் பொருத்தினார். இதைத் தன்வளர்ச்சிக்குப் பொருத்தி எழுதும்போது ‘தடைக்காரணி’ போதும் என்கிறார் நண்பர். எனக்கு உடன்பாடில்லை.

தடை என்றால் அகற்ற வேண்டும். பாஸ்பரஸ் போதாத மண்ணில் அகற்ற என்ன இருக்கிறது? சத்தை இடத்தான் வேண்டும். ‘குறைபாடு’ இன்னும் மோசம். அது ஆளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இங்கே குறை என்பது மற்றச் சத்துகளோடு ஒப்பிட்டு வருவது. பாஸ்பரஸை இட்டதும் அடுத்து நீரோ தழைச்சத்தோ அந்த இடத்துக்கு வந்துவிடும். இப்படி இடம் மாறுவதற்கும் சொல் இடம் கொடுக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் தேறுவதற்காக இரண்டு ஆண்டுகள் அகராதிகளாக வாங்கிக் குவித்தேன். எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது. ஒருநாள் மூத்த நண்பர் ஒருவரிடம் ஒரு பக்கத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒன்பது வாக்கியங்களின் கடைசியில் கோடிட்டுத் தந்தார். ஒன்பதும் ‘ஆகும்’ என்று முடிந்திருந்தன. எனக்குப் போதாதிருந்தது சொல்வளம் அல்ல, இன்னொருவர் கண். அது கிடைத்த பிறகுதான் அகராதிகளும் பயன்பட்டன. இப்போது நேரம் போதவில்லை. அது வேறு கதை.

ஆகவே ‘மட்டுக்காரணி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மட்டு என்றால் அளவு, எல்லை. ‘கழுத்துமட்டும் தண்ணீர்’ என்கிறோமே, அந்த மட்டு. உயரம் ஒவ்வாத பலகைகளால் ஆன பீப்பாயில் மிகக் குட்டையான பலகைமட்டும்தான் நீர் நிற்கும் என்று இந்த விதியை விளக்குவார்கள். அந்தப் படம் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘கட்டுப்படுத்தும் காரணி’யில் அது இல்லை, யாரோ கடிவாளம் பிடித்திருப்பது போலத்தான் ஒலிக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பயிரில் ஒரு சத்தின் வேலையை இன்னொன்று பெரும்பாலும் செய்யாது. மனிதரிடம் ஓரளவு ஈடுகட்ட முடியும். நினைவாற்றல் குறைந்தவர் குறிப்பேட்டால் சமாளிக்கிறார். சொல்லை எடுத்தாளும்போது இந்த வேறுபாட்டையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

‘மட்டமான’ என்ற இழிபொருள் நினைவுக்கு வருமோ என்பதே என் தயக்கம். ‘மட்டிடும் காரணி’ என்றால் அது நீங்கும். ஆனால் சொல் நீள்கிறது. உங்கள் காதுக்கு எது இசைகிறது?