ஜோனி மிச்சல்: தன் கதையைப் பாட்டில் எவ்வளவு சொல்லலாம்?

பரந்தன் வாசகி:
கனடியப் பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிச்சலின் ‘ப்ளூ’ (1971) இசைத்தொகுப்பைச் சில வாரங்களாகக் கேட்டு வருகிறேன். நானும் பாட்டெழுதிக் கிற்றாரில் பாடுபவள். என் வாழ்க்கையை எழுதத் தொடங்கினால் அம்மாவும் அயலவர்களும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். ஊரில் பாடினால் யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். அவரால் மட்டும் எப்படி எதையும் மறைக்காமல் எழுத முடிந்தது?

மாங்குளத்தான்:
தங்கச்சி, அவர் எதையும் மறைக்கவில்லை என்பது சரியன்று. 1965இல், திருமணமாகாமல், வறுமையில் பெற்ற பெண் குழந்தையை அவர் தத்துக் கொடுத்தார். அந்தத் தொகுப்பிலுள்ள ‘லிட்டில் கிரீன்’ (சின்னப் பச்சை) அக்குழந்தைக்கான பாட்டுத்தான். பிள்ளைக்கு அவர் வைத்த பெயர் ஒரு வகைப் பச்சைக்கும் பெயர். பாட்டில் பெயர் மறைந்து நிறம் மட்டும் நிற்கிறது. கேட்டவர்கள் பலருக்கு அது நெடுங்காலம் பிடிபடவில்லை. தாயும் மகளும் மீண்டும் சந்தித்தது 1997இல். நம் செத்தவீடுகளில் ஒப்பாரி சொல்லும் பெண்களும் இறந்தவரை விளித்து அழுதபடியே மாமி வீட்டுக் குறையை இடையில் வைத்துவிடுவார்கள். விளங்க வேண்டியவருக்கு விளங்கும்.

முள்ளியவளை ஆசிரியர்:
ஒப்பாரி ஒப்புமை பாதிதான் பொருந்தும். ஒப்பாரிக்கு மெட்டு முன்பே இருக்கிறது. மிச்சல் தம் சொற்களுக்கு ஏற்ற ஒலியையும் தாமே தேடினார். ஒன்பது வயதில் வந்த போலியோ இடது கையைப் பலவீனமாக்கியதால் கிற்றாரின் வழமையான பிடிகள் அவருக்குக் கடினமாயின. எனவே தந்திகளின் சுருதியையே மாற்றிக் கட்டி, எளிய விரலமைப்பில் ஒலிக்கும், எங்கும் முடிந்து அமராத இசைவுகளைக் கண்டெடுத்தார். சொல்லாமல் விட்ட துயரை அந்த இசைவுகள் சுமக்கின்றன என்பது என் எண்ணம். பின்னர் ஜாஸ் பக்கம் போனதை நான் அவ்வளவாக விரும்பவில்லை. அது என் காதின் குறையாகவும் இருக்கலாம். ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டின் 1969, 2000 பதிவுகளை அடுத்தடுத்துக் கேளுங்கள். சொற்கள் அவையேதான், ஆனால், இளமையில் ஊகித்து எழுதியதை, இறங்கிக் கனத்த குரலில், வாழ்ந்து முடித்தவராகப் பாடுகிறார். 2015இல் மூளை இரத்தநாள வீக்கத்தால் வீழ்ந்தவர், 2022இல் அமெரிக்காவின் நியூபோர்ட் இசை விழாவிலும் அதைப் பாடினார்.

பரந்தன் வாசகி:
நன்றி, சேர். அண்ணா, அம்மாவைப் பற்றிய பாட்டில் பெயரை எடுத்துவிட்டுக் கிணற்றடியை மட்டும் வைத்திருக்கிறேன். அம்மா கேட்டுவிட்டு, “இது ஆற்ற கிணறு?” என்றார்.